வங்கியின் ஈ.எஸ்.ஜி அறிக்கையை ஐந்தொகையோடு வைத்துப் படிப்பது எப்படி: செட்டிநாட்டுப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐயா காலத்தில் வாங்கிப்போட்ட வங்கிப் பங்கு கையில் இருக்கலாம். ஓய்வுப் பணம் நிரந்தர வைப்பில் கிடக்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். படிக்கும் பிள்ளைக்கு ஆய்வேட்டுத் தலைப்பாக ஈ.எஸ்.ஜி வந்து சேர்ந்திருக்கலாம். எந்த வழியாக வந்திருந்தாலும் உங்கள் கேள்வி ஒன்றுதான். சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாக ஒழுங்கு (ஈ.எஸ்.ஜி என்ற ஆங்கில எழுத்துகள் இவற்றைத்தான் குறிக்கின்றன) ஆகிய மூன்றிலும் சரியாக நடக்கும் வங்கி, தொழிலிலும் நன்றாக நடக்குமா?

இதை ஒரு வங்கியை எடுத்து நீங்களே பார்த்துவிடலாம். பணச் செலவு ஏறக்குறைய இல்லை. நான்கு வார இறுதிகள் ஒதுக்கினால் போதும். வழி தெரியாமல் இறங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும், ஏனென்றால் வேண்டிய எண்கள் முந்நூறு, நானூறு பக்க ஆண்டறிக்கையில் ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயரில் சுற்றுச்சூழல் முன்னால் நிற்கிறது. நீங்கள் பின்னாலிருந்து படியுங்கள்: நிர்வாகம், சமூகம், அதன் பிறகு சுற்றுச்சூழல். வங்கியில் முதலுக்கு மோசம் வரும்போது, அது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் எண்களில் தெரியவரும்.

1. எந்த வங்கி என்று முடிவு செய்யுங்கள்

ஈ.எஸ்.ஜி விவரங்கள், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வகுத்த ‘பி.ஆர்.எஸ்.ஆர்’ (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்ற அறிக்கையில் இருக்கும். பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து இது கட்டாயம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆகியவை பட்டியலிட்ட வங்கிகள் என்பதால் இவற்றின் அறிக்கைகள் கிடைக்கும். கூட்டுறவு வங்கிக்கும் கிராம வங்கிக்கும் இந்த அறிக்கை கிடையாது. தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கிவிழ வாய்ப்பு உண்டு. வேறொரு வங்கியோடு இணைந்த வங்கியை எடுத்தால், இணைப்புக்கு முந்தைய எண்களோடு ஒப்பிட முடியாது. இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி இணைந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. ஆகவே அதற்கு 2020-21இலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்தது, ஒப்பிட இரண்டாவது வங்கி எடுப்பதானால் ஒரே வகையில் எடுங்கள். பொதுத்துறைக்குப் பொதுத்துறை, பழைய தனியார் வங்கிக்குப் பழைய தனியார் வங்கி.

2. ஆவணங்களைச் சேகரியுங்கள்

முதல் வார இறுதி இதற்கே போய்விடும். வேண்டியவை:

- ஐந்து ஆண்டுகளின் ஆண்டறிக்கைகள். வங்கியின் தளத்தில் முதலீட்டாளர் பக்கத்திலும், பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களிலும் இலவசம்.
- பி.ஆர்.எஸ்.ஆர் அறிக்கை. சில வங்கிகள் ஆண்டறிக்கைக்குள்ளேயே சேர்த்திருக்கும், சில தனிக் கோப்பாகப் போட்டிருக்கும். ஆண்டறிக்கையில் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.
- காலாண்டு முடிவுகளும் அவற்றோடு வரும் முதலீட்டாளர் விளக்கத் தாளும். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள்ளும், ஆண்டு முடிவு 60 நாளுக்குள்ளும் வந்துவிட வேண்டும்.
- பாசெல் 3 (வங்கி மூலதனத்துக்கான பன்னாட்டு விதிமுறை) வெளியீடு. மூலதன விவரம் இதில் விரிவாக இருக்கும்.
- ரிசர்வ் வங்கி தளத்தில், அந்த வங்கிக்கு விதித்த அபராதங்கள் பற்றிய செய்திக் குறிப்புகள்.

பங்குதாரராக இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு அச்சிட்ட ஆண்டறிக்கையை இலவசமாகப் பெறலாம். இல்லையென்றால் முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். கணக்குக் குறிப்புகள், பி.ஆர்.எஸ்.ஆர் இரண்டை மட்டும் எடுங்கள்.

பி.ஆர்.எஸ்.ஆர் எண்கள் தனி வங்கிக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்பதை அந்த அறிக்கையின் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். அது தனி வங்கிக்கு என்றால், லாபக் கணக்கையும் தனி வங்கிக்கே எடுங்கள். இதைக் கவனிக்காமல் தொகுப்புக் கணக்கை எடுத்துவிட்டால் பின்னால் எல்லா விகிதமும் தப்பாகும்.

3. தாளைக் கோடு போடுங்கள்

எக்செல் போதும், பேரேட்டு நோட்டும் போதும். மேலே ஐந்து ஆண்டுகள், இடப்பக்கம் வரிசைகள். முதலில் தொழில் வரிசைகளை நிரப்புங்கள்: சொத்தின் மீதான வருவாய், நிகர வட்டி வரம்பு (வாங்கும் வட்டியில், கொடுக்கும் வட்டி போக மிஞ்சுவது), செலவுக்கும் வருமானத்துக்குமான விகிதம், மொத்த வாராக்கடன், நிகர வாராக்கடன் (இழப்புக்கு ஒதுக்கியது போக மீதி), மூலதன விகிதம். மூலதன விகிதத்துக்கு ரிசர்வ் வங்கி கேட்கும் குறைந்த அளவு, கூடுதல் இருப்பையும் சேர்த்து 11.5 விழுக்காடு.

இதில் மொத்த வாராக்கடன் என்ற ஒற்றை எண்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: ஆண்டுத் தொடக்கத்தில் வாராக்கடன் 1,000 கோடி. அந்த ஆண்டு புதிதாக 400 கோடி கெட்டுப்போகிறது. வசூலாகியும் சீராகியும் 200 கோடி குறைகிறது. 500 கோடியைக் கணக்கிலிருந்து தள்ளுகிறார்கள். ஆண்டு முடிவில் 700 கோடி. முப்பது விழுக்காடு இறக்கம் என்று செய்தி வரும். ஆனால் புதிதாகக் கெட்டது 400 கோடி என்பதுதான் கடன் கொடுத்த கையின் தரத்தைச் சொல்லும் எண்.

ஆகவே கணக்குக் குறிப்புகளில் வாராக்கடன் அசைவு அட்டவணையைத் தேடி, புதிதாகச் சேர்ந்த தொகையை ஆண்டுத் தொடக்கத்து நல்ல கடன் தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். இதற்குச் சறுக்கல் விகிதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வங்கியின் விளக்கத் தாளில் ‘ஸ்லிப்பேஜ்’ என்று இருப்பது இதுதான். இனி வரும் ஈ.எஸ்.ஜி எண்கள் அனைத்தையும் முதலில் இதோடுதான் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

4. நிர்வாகத்திலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு வார இறுதி கொடுங்கள். பி.ஆர்.எஸ்.ஆரில் இருப்பது பாதிதான். மீதி, ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ள கணக்குக் குறிப்புகளில் இருக்கிறது. பலர் அந்தப் பக்கங்களைத் திறப்பதே இல்லை.

முதலில் ‘டைவர்ஜென்ஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். வங்கி சொன்ன வாராக்கடனுக்கும், ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து கண்ட வாராக்கடனுக்கும் உள்ள வேறுபாடு இது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே வெளியிட வேண்டும் என்பதால் பல ஆண்டுகளில் ‘இல்லை’ என்றிருக்கும். எண் இருந்தால் அங்கேயே நின்று படியுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்கு யெஸ் வங்கியின் கணக்கே சான்று. இந்தியாவின் முதல் பசுமை உள்கட்டமைப்புப் பத்திரத்தை 2015 பிப்ரவரியில் வெளியிட்டது அந்த வங்கிதான். திரட்டிய தொகை 1,000 கோடி ரூபாய். சுற்றுச்சூழல் பக்கம் மட்டும் பார்த்தவருக்கு முதல் மதிப்பெண் வங்கி. அதே வங்கியின் வாராக்கடன் வேறுபாடு 2015-16க்கு சுமார் 4,176 கோடி, 2016-17க்கு சுமார் 6,355 கோடி. இரண்டும் 2017லேயே வெளியான எண்கள். வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை வந்தது 2020 மார்ச் 5 அன்று. இடையில் இரண்டு ஆண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது, குறிப்புகளைப் படித்தவர்களுக்கு.

அடுத்து நிரப்ப வேண்டிய வரிசைகள்: ரிசர்வ் வங்கி அபராதம் எத்தனை, எதற்காக, முதல் இருபது கடனாளிகளிடம் மொத்தக் கடனில் எத்தனை விழுக்காடு, முதல் இருபது வைப்பாளர்களிடம் எத்தனை, மோசடி எண்ணிக்கையும் தொகையும், தொடர்புடையவர்களுக்குக் கொடுத்த கடன். அபராதத்தில் தொகையைவிடக் காரணம் முக்கியம். வாடிக்கையாளர் விவரப் பதிவில் விடுபட்டதற்கு வந்த அபராதமும், வாராக்கடனை மறைத்ததற்கு வந்த அபராதமும் ஒன்றல்ல.

பின்னர் ஆள் மாற்றங்கள். நிர்வாக இயக்குநர், நிதி அலுவலர், தணிக்கையாளர் ஆகியோரில் யாராவது பதவிக்காலம் முடியுமுன் போனார்களா? சந்தைத் தளங்களில் விலகல் கடிதமே இருக்கும். லட்சுமி விலாஸ் வங்கியை நம் பக்கத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் போனது. 2020 செப்டம்பர் 25 ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். நவம்பர் 17 அன்று பணம் எடுப்பதில் தடை. 27ஆம் தேதி டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைப்பு. வைப்புப் பணம் தப்பியது. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடியானது. சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது காகிதம் மட்டுமே.

5. சமூகப் பகுதி: ஊழியரும் வாடிக்கையாளரும்

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, சமூகப் பொறுப்புச் செலவை எடுத்துக்கொள்வது. பள்ளிக்குக் கணினி, மருத்துவ முகாம் என்று படங்களோடு பல பக்கம் இருக்கும். கம்பெனிகள் சட்டப்படி இந்தச் செலவு முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காடு. லாபம் கூடினால் இதுவும் கூடும். இதை லாபத்தோடு பொருத்தினால் பொருந்தத்தான் செய்யும், ஏனென்றால் லாபத்திலிருந்தே பிறந்த எண் அது. மேலும், தேசியமயமான வங்கிகள் தனிச் சட்டத்தின் கீழ் வருவதால் இந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது. எனவே இந்த வரிசையையே விட்டுவிடுங்கள்.

எடுக்க வேண்டியது இரண்டு. முதலாவது, ஊழியர் விலகல் விகிதம். பி.ஆர்.எஸ்.ஆரின் முதல் பிரிவில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, ஆண் பெண் எனப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். சில தனியார் வங்கிகளிலும் சிறுநிதி வங்கிகளிலும் மூன்று ஆண்டுச் சராசரி விலகல் சுமார் 25 விழுக்காடு என்று ரிசர்வ் வங்கியே 2024 டிசம்பர் அறிக்கையில் எச்சரித்தது. நாலில் ஒருவர் ஆண்டுதோறும் போனால், கடன் வாங்கியவரின் தொழிலைத் தெரிந்தவர் கிளையில் இருக்க மாட்டார். தவணை தவறும்போது முதல் மாதத்திலேயே போய்க் கேட்பவர் யார்? விலகல் ஏறிய அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் சறுக்கல் விகிதத்தைப் பாருங்கள்.

பெண்களின் விலகல் தனியாக ஏறியிருந்தால், மகப்பேறு விடுப்புக்குப் பின் திரும்பியோர் விகிதத்தையும், பணியிடப் பாலியல் தொல்லைப் புகார் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். புகார் பூஜ்யம் என்பதை உடனே நற்செய்தியாக எடுக்காதீர்கள். இருபதாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பல ஆண்டு பூஜ்யம் என்றால், புகார் சொல்லும் வழி திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, வாடிக்கையாளர் புகார். கணக்குக் குறிப்புகளில் முதல் ஐந்து காரணங்கள் தனித்தனியாக இருக்கும். மொத்த எண்ணிக்கையைக் கிளை எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள்.

நம் ஊருக்குத் தாளில் ஒரு தனி வரிசை உண்டு: நகைக்கடன். தமிழ்நாட்டு வங்கிகளில் இது பெரிய பங்கு. தங்கம் விலை ஏறும் காலத்தில், அசலைக் கட்டாமல் வட்டியை மட்டும் கட்டி மறுஅடகு வைத்தே பல கணக்குகள் நல்ல கணக்காக நிற்கும். வாராக்கடன் குறைவாகத் தெரியும். ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பர் 30 அன்று இப்படிப்பட்ட குறைகளைச் சுட்டிக்காட்டி, 2025 ஜூனில் புதிய விதிகளைக் கொடுத்தது. சொந்தச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கடன் தீர்ந்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2026 ஏப்ரல் 1க்குள் அமலாக வேண்டிய விதிகள் இவை. உங்கள் வங்கியில் நகைக்கடன் பங்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அது பெரிதாக இருந்தால், குறைந்த வாராக்கடனுக்கான பெருமையை ஈ.எஸ்.ஜிக்குக் கொடுப்பதற்கு முன் தங்கம் விலையைப் பாருங்கள்.

6. சுற்றுச்சூழல்: கட்டடத்தை விட்டுக் கடனைப் பாருங்கள்

கரிவாயு உமிழ்வை அறிக்கையில் மூன்று வகையாக (‘ஸ்கோப்’ 1, 2, 3) பிரிப்பார்கள். கிளையில் எரியும் ஜெனரேட்டர் டீசல் முதல் வகை உமிழ்வு. வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரிவாயு என்று கணக்கிடுகிறார்கள். மூன்றாம் வகையில்தான் வங்கி கொடுத்த கடனால் நடக்கும் தொழிலின் உமிழ்வு வரும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுபவருக்கு ஒரு கிளை கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணமும் சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. அதனால் பட்டறையில் புகை இல்லை. ஆனால் அந்தச் சிமெண்டு எங்கோ ஓர் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு வந்தது. அந்தக் கணக்கு கடனோடு சேர்ந்து வங்கியின் மூன்றாம் வகைக்குள் வர வேண்டும். பி.ஆர்.எஸ்.ஆரில் மூன்றாம் வகை விருப்பக் கேள்வியாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் காலியாகவோ, ஊழியர் பயணத்தை மட்டும் சொல்லியோ இருக்கும். காலியாக இருந்தால் ‘காலி’ என்றே எழுதுங்கள், பூஜ்யம் போடாதீர்கள்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. உமிழ்வை வருமானத்தால் வகுத்து ‘செறிவு’ என்று காட்டுவார்கள். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டி) 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் 4 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக்கியது. வட்டி ஏறினால் வங்கி வருமானம் ஏறும். உமிழ்வு 50,000 டன்னிலேயே நின்று, வருமானம் 20,000 கோடியிலிருந்து 25,000 கோடி ஆனால், கோடிக்கு 2.5 டன் என்பது 2 டன் ஆகிவிடும். ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் இருபது விழுக்காடு ‘முன்னேற்றம்’. அதே ஆண்டில் வட்டி வரம்பும் ஏறியிருந்தால், பசுமையால் லாபம் வந்தது போலத் தோன்றும். இரண்டையும் ஏற்றியது ரெப்போ வட்டி. ஆகவே உமிழ்வைக் கிளை எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. பசுமை வைப்புத் திட்டம் 2023 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ரூபாயில் மட்டுமே, மற்ற வைப்புகளைப் போலவே ஐந்து லட்சம் வரை காப்பீடு. பணம் எங்கே போனது என்று ஆண்டுதோறும் மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு அறிக்கை வங்கித் தளத்தில் இருக்க வேண்டும். பணம் போடுமுன் அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். சூரிய மின்திட்டத்துக்குப் போகும் பணம் என்பதால் உங்கள் வைப்புக்குக் கூடுதல் பாதுகாப்பு வந்துவிடாது. அதன் பாதுகாப்பு அந்த வங்கி முழுவதின் பாதுகாப்புதான்.

7. ஓர் ஆண்டு தள்ளிப் பொருத்துங்கள்

2023-24 ஈ.எஸ்.ஜி எண்ணை 2023-24 லாபத்தோடு வைக்காதீர்கள். 2024-25 சறுக்கலோடும் 2025-26 சறுக்கலோடும் வையுங்கள். கடன் கொடுத்த அன்றே கெடுவதில்லை. தவணை 90 நாள் தவறினால்தான் வாராக்கடன் ஆகிறது, பல கடன்களுக்குத் தொடக்கத்தில் தவணை விடுப்பும் உண்டு.

அடுத்து, திசை. லாபம் நன்றாக உள்ள பெரிய வங்கிக்கு ஈ.எஸ்.ஜிக்குத் தனித் துறை வைக்கவும், அழகான அறிக்கை போடவும் பணம் இருக்கும். லாபம் ஈ.எஸ்.ஜியைக் கொண்டுவந்ததா, ஈ.எஸ்.ஜி லாபத்தைக் கொண்டுவந்ததா? ஐந்து ஆண்டுத் தாளில் எது முன்னால் மாறியது என்று பார்த்தால்தான் ஓரளவு புரியும். 2,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த ஓர் ஆய்வு, சுமார் 90 விழுக்காட்டில் உறவு எதிர்மறையாக இல்லை என்றது. அது எல்லாத் தொழிலுக்கும் சேர்த்துச் சொன்னது. ‘எதிர்மறையாக இல்லை’ என்பதில் உறவே இல்லாததும் அடங்கும். ஆய்வேட்டில் இதை மேற்கோள் காட்டும் மாணவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

மதிப்பெண் நிறுவனங்களின் ஒற்றை எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள். ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில் அவற்றிடையே சராசரி ஒட்டுறவு (முழுதும் ஒத்துப்போனால் 1) 0.54தான். ஒருவர் முதல் வரிசையில் வைத்த நிறுவனத்தை இன்னொருவர் நடுவில் வைப்பது சாதாரணம்.

8. ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள்

தாளில் விடை கிடைக்காத கேள்விகளைக் கேட்க ஒரு பங்கு போதும். டிமேட் கணக்கில் மொத்த மதிப்பு நான்கு லட்சம் வரை இருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. இது 2024 செப்டம்பர் 1 முதல். கையில் காகிதச் சான்றிதழ் இருந்தால் முதலில் உங்கள் விவரப் பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்-1, ஐ.எஸ்.ஆர்-2, நியமனத்துக்கு எஸ்.எச்-13 படிவங்களை, பான் அட்டை நகலோடும் ரத்து செய்த காசோலையோடும் வங்கியின் பங்குப் பதிவாளருக்கு அனுப்புங்கள். நியமனம் தவிர மற்ற இந்த விவரங்கள் இல்லாத காகிதப் பங்குக்கு 2024 ஏப்ரல் 1 முதல் ஈவுத்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. ஏழு ஆண்டு வாங்காமல் கிடந்தால் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்பது நெடிய வேலை.

கூட்ட அறிவிப்பு 21 நாள் முன்னதாக வரும். வாக்குரிமைக்கான தேதி கூட்டத்துக்கு ஏழு நாளுக்குள் இருக்கும். அன்று பங்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மின்வாக்கு குறைந்தது மூன்று நாள் திறந்திருந்து, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடும். காணொலிக் கூட்டமாக இருந்தால் காரைக்குடியிலிருந்தே பேசலாம். ஆனால் பேசுவதற்குத் தனியாக மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதி அறிவிப்பின் பின்பக்கக் குறிப்புகளில் இருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி சிறியதாக, எண்ணோடு இருக்கட்டும். “ஊழியர் விலகல் இரண்டு ஆண்டில் இத்தனையிலிருந்து இத்தனையாக ஏறியுள்ளது, அதே காலத்தில் சிறுகடன் சறுக்கல் எவ்வளவு?” “மூன்றாம் வகை உமிழ்வை எந்த ஆண்டிலிருந்து சொல்வீர்கள், எந்தக் கடன்களில் தொடங்குவீர்கள்?” “நகைக்கடனில் மறுஅடகு எத்தனை விழுக்காடு?” ‘ஈ.எஸ்.ஜிக்கு என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டால் ஆண்டறிக்கையின் வாசகமே திரும்ப வரும்.

கேள்வியை எழுத்திலும் அனுப்புங்கள். வந்த பதிலைத் தாளில் அந்த ஆண்டின் கீழே ஒட்டி வையுங்கள். அடுத்த ஏப்ரல், மே மாதத்தில் ஆண்டு முடிவு வந்ததும், வேறெதற்கும் முன் சறுக்கல் வரிசையை நிரப்புங்கள்.